காருக்குள் சாவி, காருக்குள் குழந்தை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வெயில் ஏறும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் என் கைப்பேசி மதிய நேரத்தில்தான் ஓயாமல் அடிக்கும். இங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் சாவி, பூட்டு வேலை பார்க்கிறேன். தொலைந்த சாவிக்கு மாற்றுச் செய்வது, தேய்ந்த ரிமோட்டுக்கு உறை மாற்றுவது, பூட்டிக்கொண்ட காரைத் திறந்து கொடுப்பது, இவைதான் பிழைப்பு. "அங்கிள், சாவி காருக்குள் மாட்டிக்கொண்டது, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள். இடம், காரின் வகை, கட்டணம் எல்லாம் பேசி முடித்த பிறகு, "சீக்கிரம் வாருங்கள், குழந்தையும் உள்ளே இருக்கிறது" என்பார்கள். எரிச்சலாக வரும். இதை முதலில் சொல்ல வேண்டாமா?

கதை பெரும்பாலும் ஒன்றுதான். கடைக்குப் போய் வந்த தாய் பிள்ளையை இருக்கையில் உட்கார்த்திப் பட்டை மாட்டுகிறாள். அது சிணுங்குகிறது. கையில் இருந்த சாவிக்கொத்தைக் கொடுத்தால் அழுகை நிற்கிறது. கதவைச் சாத்திவிட்டுப் பைகளை டிக்கியில் வைக்கப் போகிறாள். அதற்குள் பிள்ளையின் விரல் சரியான பொத்தானைக் கண்டுபிடித்துவிடுகிறது. டிக்கியும் சாத்தப்பட்ட பின் எல்லாக் கதவும் பூட்டு. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பூட்டத் தெரியும். "இன்னொரு பொத்தானை அழுத்து கண்ணே" என்று கண்ணாடிக்கு வெளியே நின்று கெஞ்சினால் அதற்குப் புரியாது, சிரிக்கும்.

இப்படி ஆனால் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிற்கும் காருக்குள் சிறு குழந்தை இருந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது கைப்பேசியிலிருந்து அவசர எண் 112-ஐ அழையுங்கள். மாற்றுச் சாவி பக்கத்தில் இல்லையென்றால், குழந்தை சோர்ந்தோ வியர்த்தோ தெரிந்தால், கண்ணாடியை உடைத்துவிடுங்கள். குழந்தைக்கு மிகத் தொலைவில் உள்ள பக்கக் கண்ணாடியாகப் பார்த்து, நடுவில் அடிக்காமல் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடியை முயலவே வேண்டாம். அது இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு இடையே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது, விரிசல் விடும், வழி விடாது. இந்த ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிக்னலில் கண்ணாடியை உடைத்துக் கைப்பையைப் பறிப்பவர்களுக்கு அஞ்சிப் பாதிக் கார்களில் பக்கக் கண்ணாடிக்கும் ஒட்டுப்படலம் போட்டிருக்கிறோம். திருடனைத் தடுக்கும் அந்தப் படலம் உங்களையும் தடுக்கும். கண்ணாடி நொறுங்கிய பிறகும் படலம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விடாமல் அடித்து, ஓரத்திலிருந்து உள்ளே தள்ள வேண்டும். கைக்கு ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

அவசரம் ஏன் என்றால், 2005-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் வெயிலில் நிறுத்திய காரின் உள் வெப்பத்தை அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 பாகை செல்சியஸ் கூடியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. வெளியே இதமான நாள்தான், 22 பாகைதான் என்றாலும் உள்ளே 47 வரை போனது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. நம் ஊரில் 30 பாகை அடிக்கும் நாளில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களைவிடச் சிறு குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். "ஐந்து நிமிட வேலைதான், கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன்" என்று என்னிடம் சொல்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் ஒப்பிப்பேன். யாருக்கும் பிடிக்காது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. தென்னாப்பிரிக்காவில் பூட்டைப் பற்றி நாம் யோசிப்பதெல்லாம் வெளியிலிருந்து வருகிறவனை வைத்துத்தான். உயர்ந்த மதில், மின்வேலி, கம்பிக் கதவு, ஓடத் தொடங்கியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கார். கேட்டின் ரிமோட்டை அழுத்திப் பிடித்தே கார் ரிமோட்டின் சைகையை மறிக்கும் திருடர்கள் இருப்பதால், பூட்டிய பிறகு கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்க்கும் பழக்கமும் நமக்கு வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் மதிலுக்குள், சொந்த முற்றத்தில் நிறுத்தும்போது அதே ஆள் காரைப் பூட்டுவதில்லை. கேட் மூடியிருக்கிறதே, யார் வரப்போகிறார்கள்? வெளியாள் வரமாட்டான், மூன்று வயதுப் பிள்ளை வரும். பூட்டாத கார் அதற்கு விளையாட்டு வீடு. ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொள்ளும். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்க முடியாது, முன் இருக்கைக்குத் தாவிப் போய்த் திறக்கலாம் என்பதும் அதற்குத் தோன்றாது. முற்றத்திலும் காரைப் பூட்டுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் நீச்சல் குளம், அடுத்து கார், டிக்கி. பக்கத்து வீட்டைப் பிறகு பார்க்கலாம்.

டிக்கியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். 1998 கோடையில் அமெரிக்காவில் சில வாரங்களுக்குள் மூன்று இடங்களில் 11 குழந்தைகள் கார் டிக்கிகளுக்குள் இறந்தார்கள். யாரும் கடத்தவில்லை. விளையாட்டாக ஏறி, மூடி விழுந்து, உள்ளேயே மாட்டிக்கொண்டவர்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1995-இல், ஜனெட் ஃபென்னல் என்ற பெண்மணியையும் அவர் கணவரையும் கொள்ளையர்கள் சான் பிரான்சிஸ்கோவில் அவர்களுடைய காரின் டிக்கியிலேயே அடைத்துக் கொண்டுபோனார்கள். டர்பன்காரர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை, இங்கேயும் கார் கடத்துபவர்கள் ஆளை டிக்கியில் போடுகிறார்கள். தப்பி வந்த அந்த அம்மையார் சும்மா இருக்கவில்லை. டிக்கிக்குள்ளிருந்து திறக்க ஒரு பிடி வேண்டும் என்று விடாமல் போராடினார். 2001 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் டிக்கி வைத்த புதிய கார்கள் எல்லாவற்றிலும் அந்தப் பிடி கட்டாயமானது. இருட்டில் ஒளிரும், இழுத்தால் மூடி திறக்கும். இங்கே நான் கையாளும் செடான் கார்கள் பலவற்றில் அது இல்லை. உங்கள் காரில் இருக்கிறதா என்று இன்றே டிக்கி மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். இருந்தால் பிள்ளைக்குக் காட்டி இழுக்கச் சொல்லிக்கொடுங்கள். இல்லையென்றால் பின் இருக்கையின் சாய்மானத்தை மடக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி செத்தால் பல கார்களில் டிக்கிக்குள் போக அதுதான் வழி. அதே சாய்மானம் மடங்கிக் கிடந்தால் பிள்ளை காருக்குள்ளிருந்தே டிக்கிக்குள் தவழ்ந்துவிடும் என்பதால், எப்போதும் நிமிர்த்திக் கொக்கி விழ வைத்திருங்கள். சின்ன ஹேட்ச்பேக் கார்களில் டிக்கியும் உட்புறமும் ஒரே கூடம், அங்கே இந்தப் பயம் குறைவு.

பக்கி என்று நாம் சொல்லும் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. பின்புறச் சரக்குப் பெட்டிக்குக் கூடாரம் போட்டு, அதில் பிள்ளைகளை உட்கார்த்திக் கடற்கரைக்குப் போவது நம் குடும்பங்களில் வெகுகாலப் பழக்கம். கூலி வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைச் சரக்குப் பகுதியில் ஏற்றுவதை 2017 மே மாதத்திலேயே சட்டம் தடுத்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், பூட்டைச் சொல்கிறேன். நான் பழுதுபார்த்த கூடாரக் கதவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டும் கைப்பிடியும் வெளியே மட்டும்தான். உள்ளே இருப்பவருக்குப் பிடிக்க ஒரு குமிழ்கூடக் கிடையாது.

இனி ரிமோட். அதைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள் என்பதற்குப் பூட்டு மட்டும் காரணம் இல்லை. நம் சாவிக்கொத்தில் கார், கேட், பாதுகாப்பு நிறுவனத்தின் ஆபத்துப் பொத்தான் எல்லாம் சேர்ந்து தொங்குகின்றன. என் பேத்தி கையில் கிடைத்த கொத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் வாசலில் வந்து நின்றார்கள், ஆளுக்கொரு தட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அது சிரிக்கக் கூடிய விஷயம். ரிமோட்டுக்குள் இருக்கும் பேட்டரி அப்படி அல்ல. பெரும்பாலானவற்றில் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட லித்தியம் பேட்டரி இருக்கும். கீழே விழுந்து விழுந்து உறை வாய்பிளந்த ரிமோட்டைக் குழந்தை கடித்தால் அது வெளியே வந்துவிடும். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் பொசுக்கும். தீர்ந்துபோன பேட்டரியும் பொசுக்கும். சந்தேகம் வந்தாலே, இருமவில்லை, அழவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்காமல், எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தையாக இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகம் போனால் ஆறு தடவை கொடுக்கலாம் என்று அமெரிக்க நச்சு மருத்துவ மையம் சொல்கிறது. தேன் தேடிக்கொண்டு பயணத்தைத் தாமதிக்க வேண்டாம். உறை பிளந்த ரிமோட்டில் ரப்பர் வளையம் சுற்றிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். புது உறை விலை அதிகம் இல்லை.

தைப்பூசக் காவடிக்குப் போகிறவர்கள் சாவியை யாரிடம் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். காவடி எடுப்பவருக்கு வேட்டியில் பை இல்லை, பால்குடம் சுமப்பவருக்குக் கை இல்லை. சாவி கடைசியில் பத்து வயது அக்காவின் கைக்குப் போய்ச் சேரும். அவளோ தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு, கால் வலிக்கிறது என்று வெயிலில் நிற்கும் காருக்குள் போய் உட்காருவாள். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார் என்றால் பிரேக்கை மிதித்தபடி அவளே கிளப்பியும் விடுவாள். காவடி எடுக்காத பெரியவர் ஒருவர் மடியில் சாவி இருக்கட்டும். மைதானத்தில் ஒளிரும் சட்டை போட்டுக் கார் காக்கும் இளைஞனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காரில் பிள்ளைகள் இருப்பதை முதலில் பார்ப்பவன் பெரும்பாலும் அவன்தான். திரும்பும்போது ஐந்து ராண்டுக்கு முகம் சுளிக்காதீர்கள்.

கார் கடத்தல் பயத்தில் சிலர் சைல்டு லாக்கே வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துப்பாக்கி நீட்டியவன் முன்னால் பின் கதவைத் திறந்து குழந்தையை எடுக்க வேண்டுமே. ஆனால் சைல்டு லாக் உள்ளிருந்து திறப்பதை மட்டும்தான் தடுக்கிறது, வெளியிலிருந்து திறப்பதை அல்ல. சைல்டு லாக்கின் திருகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பின் கதவின் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஓடும் காரில் பிள்ளை கதவைத் திறந்துவிடாமல் இருக்க அது தேவை. பாதுகாப்புப் பயிற்சி தருபவர்கள் சொல்வது: சிறு குழந்தையின் இருக்கையை ஓட்டுநருக்கு நேர் பின்னால் வையுங்கள், இறங்கிய அதே பக்கத்தில் கை எட்டும், கைகளைக் காட்டியபடி, "பின்னால் குழந்தை இருக்கிறது" என்று உரக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தனிக் குழந்தை இருக்கை 2015 முதல் சட்டப்படியும் கட்டாயம். பட்டையைக் கழற்றும் சிவப்புப் பொத்தானைக் கண் மூடிக்கொண்டு அழுத்திப் பழகுங்கள். அந்த நேரத்தில் விரல் நடுங்கும்.

வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் ஒரு பரிசோதனை உண்டு. நிழலில் காரை நிறுத்துங்கள். சாவியோடு ஒருவர் வெளியே நிற்கட்டும். நீங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்து, ரிமோட்டால் பூட்டச் சொல்லி, எப்படி வெளியே வருவது என்று பாருங்கள். சில ஐரோப்பியக் கார்களில் ரிமோட்டால் பூட்டியதும் உள் கைப்பிடிகளும் செத்துவிடும். கண்ணாடியை உடைத்துக் கைவிட்டாலும் திருடனால் திறக்க முடியாதபடி அப்படி அமைத்திருக்கிறார்கள். உங்கள் கார் அந்த வகையா, அதை நிறுத்தி வைக்க வழி உண்டா என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். வேலை செய்யாத கைப்பிடியை இழுத்துப் பார்த்த தந்தை ஒருவர் அன்றைக்கே மாற்றுச் சாவிக்குப் பணம் கட்டிவிட்டுப் போனார். கூடவே உங்கள் பிள்ளைக்கு ஹாரனைக் காட்டுங்கள். பல கார்களில் சாவி இல்லாமலும் அது அடிக்கும், மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். பிறகு ஒரு வாரம் அண்டை வீட்டார் உங்களைத் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசல் சுவரில் மரப்பலகை அடித்துச் சாவி மாட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். சன்னல் வழியே நீளக் கம்பி விட்டுச் சாவியைத் தூக்குகிறவர்களுக்கும் அது வசதி, நாற்காலி இழுத்துப் போட்டு ஏறும் பிள்ளைக்கும் வசதி. இரவில் படுக்கையறை அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.

மாற்றுச் சாவியைக் காரின் அடியில் காந்தப் பெட்டியில் ஒளித்து வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம், திருடன் முதலில் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். பக்கத்தில் வாழும் அக்கா வீட்டில், நீங்கள் அழைத்தால் பத்து நிமிடத்தில் கொண்டுவரக் கூடியவரிடம் கொடுத்து வையுங்கள். செய்துகொள்ள என்னிடம் வருகிறவர்கள் காரின் பதிவுச் சான்றையும் அடையாள அட்டையையும் எடுத்து வாருங்கள். இரண்டும் இல்லாமல் வந்தால், சொந்தத் தம்பியாக இருந்தாலும் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.