மொழிபெயர்ப்பு மேசையில இருந்து பாத்தது

யாழ்ப்பாணத்தில ஒரு மொழிபெயர்ப்புக் கடையில 12 வருசமா வேலை செய்யிறன். பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, காணி உறுதி எண்டு வெளிநாட்டுக்குப் போற பேப்பர் எல்லாம் எங்கட மேசைக்கு வந்துதான் போகும், முந்தி ஒண்டு கேட்ட இடத்தில இப்ப நாலு கேக்கினம்.

போன வருசம் ஜேர்மனியில இருந்து ஒரு அண்ணை தாயின்ர மரணப் பத்திரத்தை மொழிபெயர்க்க வந்தவர். 1985ல கிழக்கு பெர்லினுக்கால போய் அகதியாப் பதிஞ்ச ஆள். கதையோட கதையா, சிரியாக்காரர் வந்து நாடே பழுதாப் போச்சு தம்பி, அவங்களை அனுப்புவம் எண்டு சொல்லுற கட்சிக்குத்தான் இந்தமுறை வோட் போட்டனான் எண்டார். ஏ.எஃப்.டி (AfD) எண்ட அந்தக் கட்சி 2025 பெப்ரவரித் தேர்தலில 20.8 வீதம் எடுத்து ரெண்டாவதா வந்தது. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்தது, ஆனா இருத்தி வச்சுக் கதைக்கக் கதைக்க அவற்ற பயமும் விளங்கினது, வீட்டு வாடகை ஏறிப்போச்சு, வேலை செய்யிற பக்டரியில ஆக்களைக் குறைக்கினம், மகனுக்கு நிரந்தர வேலை இல்லை. ஆக்களைக் குறைக்கச் சொல்லிக் கையெழுத்து வச்சவன்ர முகம் அவருக்குத் தெரியாது, மேல் மாடியில இருக்கிற சிரியாக் குடும்பத்தை ஒவ்வொருநாளும் படியில காணுறார்.

இலங்கையில சிங்களம் மட்டும் எண்ட சட்டம் வந்த 1956ம் இப்பிடித்தான் எண்டு நான் நினைக்கிறன். அரசாங்க வேலை இங்கிலீஷ் தெரிஞ்ச கொஞ்சப் பேரின்ர கையில கிடக்க, சிங்களத்தில படிச்ச கிராமத்துப் பெடியளுக்கு உண்மையாவே வழி இல்லை. 24 மணித்தியாலத்தில சிங்களம் எண்டு பண்டாரநாயக்க அதுக்கு மருந்து சொன்னார், நோய் அவையளுக்கு, கத்தி எங்களுக்கு. எங்கட முதலாளி ஐயாவின்ர தகப்பன் கிளாக்கா இருந்தவர், சிங்களச் சோதினை பாஸ் பண்ணாததால இன்கிரிமென்ட் நிண்டதை ஐயா இப்பவும் சொல்லிச் சொல்லி மனம் நோவார்.

வெறுப்பைப் பரப்ப இப்ப போன் வேற. 2018 மார்ச்சில கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரா திகன கலவரம் நடக்கேக்க அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்தையும் பூட்டிப்போட்டுது, கடைக்கு ஒரு ஸ்கானும் வரேல்ல. 2024ல இங்கிலாந்தில சவுத்போர்ட்டில 3 பிள்ளையளைக் கொலை செய்தவன் படகில வந்த அகதி எண்டு பொய் பரவி ஊர் ஊரா அடிபாடு, உண்மையில அவன் கார்டிப்பில பிறந்தவன். அந்தக் கிழமை ஒரு அம்மா எங்கட மேசையடியில நிண்டு, கடையைப் பூட்டிப்போட்டு வீட்டுக்குப் போ அப்பு எண்டு அங்க இருக்கிற மகனோட போனில அழுதவா.

இதோட நிப்பாட்டினால் நான் நேர்மையான ஆள் இல்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இருந்த சோனகதெருவில பிறந்த ஒரு ஐயா போன மாதம் வந்தவர். 1990 ஒக்டோபரில புலிகள் ரெண்டு மணித்தியாலம் குடுத்து யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேத்தினது, அப்ப அவருக்குக் கலியாணமாகி ஒரு வருசமாம். எங்கட ஆக்களில கனபேர் அண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்ல. பேத்தியின்ர விசாவுக்கு அவற்ற பேப்பரை நான்தான் இங்கிலீஷில அடிச்சனான், பிறந்த இடம் யாழ்ப்பாணம், நிரந்தர விலாசம் புத்தளம். சரியோ எண்டு பாக்கச் சொல்லிக் குடுத்தன். பிறந்த இடத்தில விரலை வச்சுக் கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தார்.