சத்தியப்பிரமாணத்துக்கு முன் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை வாசியுங்கள்

சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையும் பயிற்சிக் காலமும் முடிந்து, சட்டத்தரணியாகப் பதிவு பெற ஆவணம் சேர்க்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக மலையகத்தில் பிறந்து கொழும்பில் படிப்பவர்களுக்கு. உங்கள் பிறப்புச் சான்றிதழின் மூலத்தை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு கூட்டையும் வாசியுங்கள். அது சிங்களத்தில் இருந்து, உங்களுக்குச் சரளமாக வாசிக்க வராவிட்டால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். என் தொகுதித் தோழிகளோடு சத்தியப்பிரமாணம் செய்திருக்க வேண்டிய நான், அடுத்த தொகுதியோடுதான் செய்தேன். அந்த ஒரு தாள்தான் காரணம்.

நான் பிறந்தது ஒரு தேயிலைத் தோட்டத்தில். பிறப்பைப் பதிந்தவர் எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதியிருக்கிறார். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னும் வரும். அப்பா தன் முழுப்பெயரைச் சொல்ல, அதில் முதலில் வந்ததை மட்டும் எடுத்துத் தந்தையின் பெயர் என்று எழுதிவிட்டார்கள். ஆக, அரசாங்கப் பதிவின்படி என் தந்தை என் தாத்தா. என் பெயரின் கடைசி எழுத்தும் வேறு. அப்பாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கொடுத்த தாளை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இது ஏன் இத்தனை வருடம் வெளியே வரவில்லை? பாடசாலை முதல் சட்டக் கல்லூரி வரை நாங்கள் கொடுத்து வந்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. அதைச் செய்தவர் தேசிய அடையாள அட்டையைப் பார்த்து அப்பாவின் பெயரைத் தானாகவே சரியாகப் போட்டிருக்கிறார். நல்ல மனதோடு செய்ததாகவே இருக்கட்டும். ஆனால் மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் எழுதுவது எவ்வளவு பெரிய தீங்கு என்பது எனக்குத்தான் தெரியும். நாளை நீங்கள் சட்டத்தரணியாக இருந்து கட்சிக்காரரின் ஆவணங்களை வாங்கும்போதும் இதை மறக்க வேண்டாம்: மொழிபெயர்ப்பு கையில் இருந்தாலும் மூலத்தைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிழையைக் கண்டுபிடித்தவர் நான் பயிற்சி பெற்ற சீனியர். புதுக்கடை நீதிமன்றங்களில் நாற்பது வருடத்துக்கும் மேலாக இருப்பவர். நன்னடத்தைச் சான்று தருவதற்கு முன், "பிள்ளை, எல்லா ஒரிஜினலையும் கொண்டு வாங்கோ, ஒருக்கா பார்ப்பம்" என்றார். பார்த்த உடனே பேனையை மூடி வைத்துவிட்டார்.

நண்பர்கள் சொன்னது வேறு. "இவரும் அவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடு, போதும்." பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். சீனியர் அதை ஏற்கவில்லை. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் வந்து, அப்புக்காத்து, பிறக்கிராசி என்று வழக்கறிஞர்களை இரு வகையாக வைத்த பிரிவு போனபின் எல்லாச் சட்டத்தரணிகளுக்கும் இருப்பது உயர் நீதிமன்றத்தின் ஒரே பதிவேடு. அதில் ஏறும் பெயர்தான் கட்சிக்காரர் உங்களை நியமித்து எழுதித் தரும் ஒவ்வொரு பிரொக்ஸியிலும், உங்கள் இறப்பர் முத்திரையிலும், பின்னால் நொத்தாரிசு அதிகாரப்பத்திரம் எடுத்தால் எழுதும் ஒவ்வொரு உறுதியிலும் வரும். "இன்றைக்கு அந்தக் கடதாசி உங்களைக் காப்பாற்றும். அப்புறம் போகுமிடமெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்" என்றார். நீதித்துறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு நற்பெயரும் தகுந்த அறிவும் திறமையும் உள்ளவரைத்தான் சட்டத்தரணியாக ஏற்கச் சொல்கிறது. அப்படியான ஒரு விண்ணப்பத்தில் தகப்பன் பெயரே இரண்டு விதமாக இருப்பதை நானும் விரும்பவில்லை.

பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி எடுப்பது சுலபம். 1960க்குப் பின் பதிவான பிறப்பு என்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். கொழும்பிலேயே எடுத்தேன். திருத்தத்துக்கு மட்டும் பிறப்பு பதிவான பிரிவுக்கே போனேன்.

அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெஸ்டியன் மாவத்தையில் விடியற்காலை பஸ் ஏறி, வளைவெல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், பதிவுப் பிரிவு உத்தியோகத்தர் வெளிக்களக் கடமையில். அடுத்த முறை போனபோது இருந்தார். படிவத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. "மிஸ், இது பெரிய வேலை. கொழும்பிலேயே கேளுங்கள்" என்றார். கொழும்பில் கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றதும், தந்தையின் பெயரை மாற்ற நீதிமன்றக் கட்டளை வேண்டும் என்றார். தந்தையையே மாற்றக் கேட்கவில்லை, அதே மனிதரின் பெயர் தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று விளக்கினேன். தொலைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பக்கத்து வரிசையில் ஒரு தோட்டத்து அம்மா கைக்குழந்தையோடு நின்றார். அவருக்கும் இதே பதில். நான் சட்டம் படித்தவள், எதிர்த்துக் கேட்க வாய் இருந்தது. அவர் திரும்பி நடந்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அன்று நான் திரும்பி வரவில்லை. மேலதிகாரியைச் சந்தித்து, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் எழுத்துப் பிழைகளைத் திருத்தப் பிரகடனம் கொடுக்க வழி இருக்கிறது என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. விண்ணப்பத்தை எடுக்கச் சொன்னார். முதல் வெற்றி அது. ஆனால் பற்றுச்சீட்டு தரவில்லை. அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த சிக்கல் சத்தியக்கடதாசியில். அப்பா ஊரிலேயே ஒரு தட்டச்சுக் கடையில் அடித்து, சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கி வைத்திருந்தார். கடைக்காரரிடம் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பிரதிதான் இருக்கிறது போலும். தொடக்கத்தில் "இந்துவாகிய நான் உறுதியுரைத்து" என்று இருந்தது, முடிவில் "என் முன்னிலையில் சத்தியம் செய்து" என்று இருந்தது. 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பிரமாணங்கள், உறுதியுரைகள் கட்டளைச் சட்டத்தின்படி இந்து, பௌத்தர், முஸ்லிம் ஆகியோர் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதியுரைக்கலாம். அப்படி உறுதியுரைப்பவரின் கடதாசியில் முடிவுக் குறிப்பும் அதையே சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் கை வைக்கும் இடம் இது. நான் அதைக் கொடுக்கவே இல்லை. புதிதாக வரைந்து, சமாதான நீதவான் அதை அப்பாவுக்குத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தினார் என்பதையும் முடிவுக் குறிப்பில் சேர்த்து எடுத்தோம். சமாதான நீதவானின் முத்திரையில் அவர் பெயரும் பிரதேசமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மை பரவியிருந்தால் கூச்சப்படாமல் இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள்.

கடதாசி மட்டும் போதாது, பிறந்த காலத்து ஆதாரம் வேண்டும். எங்கள் ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் எல்லாம் பின்னால் வந்தவை. பதிவு நடந்த நாளுக்கு எவ்வளவு கிட்டத்தில் எழுதப்பட்டதோ அவ்வளவுக்கு அந்த ஆவணத்துக்கு மதிப்பு. என் கிளினிக் அட்டை எப்போதோ மழையில் நனைந்து போயிருந்தது. பாடசாலை அனுமதிப் பதிவேட்டுப் பிரதியை அதிபர் உடனே தந்தார். அதில் அப்பாவின் பெயர் சரியாக இருந்தது, ஆனால் அது நான் ஐந்து வயதில் சேர்ந்தபோது எழுதியது.

அப்பாதான் தோட்டத்து டிஸ்பென்சரியை நினைவுபடுத்தினார். பழைய பேரேடுகளை அங்கே ஒரு இரும்பு அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த வைத்திய உதவியாளர் ஐயா நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டதும், மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து தேடினார். பூச்சி அரித்த பக்கங்களுக்கு நடுவே நான் பிறந்த நாளுக்குரிய வரி கிடைத்தது. அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில் அப்பாவுக்குரிய செக்ரோல் இலக்கம், பிறந்த நேரம், எடை. எல்லாம் சரியாக, அழகான கையெழுத்தில். அப்பா தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஐயா பிரதி எடுத்து, தோட்ட நிர்வாகத்தின் முத்திரையோடு உறுதிப்படுத்தித் தந்தார். இந்தப் பேரேடுகள் எல்லாத் தோட்டங்களிலும் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்ல முடியாது. இருக்கும்போதே போய் எடுங்கள்.

எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று. அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. தொலைபேசியில் கேட்டால் "மேலே போயிருக்கிறது" என்பார்கள். நேரில் போனால் அப்படியொரு கோப்பே இல்லை என்றார் அதே உத்தியோகத்தர். கொடுத்ததற்குச் சாட்சி கேட்டார். பற்றுச்சீட்டு இல்லாததன் விலை இதுதான்.

கொழும்புக்குத் திரும்பி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினேன், தமிழில். பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதில் நான் சொல்லும் யோசனையைக் கட்டாயம் கேளுங்கள்: "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு பக்கம் நியாயம் எழுதி அனுப்பலாம். பதிவாக இருக்கும் விஷயத்தைக் கேளுங்கள். விண்ணப்பம் பெறப்பட்ட திகதி, கோப்பு இலக்கம், இப்போது எந்த மேசையில், கடைசியாக அதில் எழுதப்பட்ட குறிப்பின் பிரதி. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். அந்தக் காலம் முடியுமுன்பே தொலைபேசி வந்தது. கோப்பு கிடைத்துவிட்டதாம், வந்து கையொப்பமிடச் சொன்னார்கள்.

பதில் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் இடத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் செய்யவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. பதிவேட்டிலிருந்து பிரதி பெறும் உரிமை உள்ளவர் அதையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் கேட்கலாம். அந்த உறுப்புரையைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதினேன். அடுத்த கடிதம் தமிழில் வந்தது, அதுவும் நல்ல தமிழில். அங்கே தமிழ் தெரிந்தவர் முதலிலிருந்தே இருந்திருக்கிறார்! வரிசையில் நின்ற அந்த அம்மாவுக்கு அவரை ஏன் கூப்பிடவில்லை?

திருத்திய சான்றிதழ் கைக்கு வந்தபின் மற்றதெல்லாம் ஓடிவிட்டது. விண்ணப்பம், கட்டணம், வெள்ளைச் சேலை, கறுப்புக் கோட்டு, நீதியரசர்கள் முன் சத்தியப்பிரமாணம். சீனியர் கவுனை மாட்டிவிட்டார். அப்பா பின்வரிசையில் இருந்தார்.

இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்தில் சேர்வது பற்றியும் பலர் கேட்கிறார்கள். தொழில் செய்யும் உரிமை உயர் நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து வருகிறது, சங்க உறுப்புரிமை அதிலிருந்து வேறானது. ஆனாலும் தாமதிக்காமல் சேருங்கள். மிகிந்து மாவத்தையிலுள்ள அலுவலகத்தில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. உறுப்பினர் அட்டைக்குக் கொடுக்கும் பெயர், எழுத்துக்கு எழுத்து பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். முதலெழுத்துகளின் வரிசையும்தான். முத்திரை வெட்டக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

திருத்திய பிறப்புச் சான்றிதழில் சில பிரதிகளைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம். எதைக் கொடுத்தாலும் உங்கள் கைப்பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

தம்பியின் சான்றிதழிலும் அப்பாவின் பெயர் அதே மாதிரித்தான் இருக்கிறது. அவன் உயர்தரம் எழுத இன்னும் காலம் இருக்கிறது. டிஸ்பென்சரிப் பேரேட்டில் அவனுடைய வரியையும் தேடி எடுத்து, போன மாதம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம். இந்த முறை பற்றுச்சீட்டு வாங்கியாயிற்று.