கவுன்ட்டரில் 83

ஜனவரி 9, 2025, வியாழன்

ஆக்லாந்திலிருந்து அக்கா வந்துவிட்டாள். கடலூர் வந்து சேர்ந்ததும் முதலில் பார்த்தது எங்கள் வீட்டுச் சுவரைத்தான். டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, பெண்ணையாறு எங்கள் தெருவுக்குள் முழங்கால் அளவு வந்தது. தண்ணீர் வடிந்து ஒரு மாதமாகியும் சுவர் உலரவில்லை. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. என் மகனுக்கு இழுப்பு கூடியது அதிலிருந்துதான். பதினொரு வயதுப் பிள்ளை, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவதைப் பார்க்க முடியவில்லை.

அக்கா மகளுக்கும் ஆஸ்துமாதான். பதினான்கு வயது. அவள் இன்ஹேலரில் குல்லா மாட்டியதுபோல ஒரு சின்னக் கருவி இருக்கிறது. மருந்து அதில் இல்லை. இன்ஹேலரை அழுத்தும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பிவிடுகிறது. நேரம் தவறினால் ஒலி எழுப்புகிறது. அங்கே இதை ஸ்மார்ட் இன்ஹேலர் என்கிறார்கள்.

“இதை வெச்சிட்டிருந்தா அம்மா எதுவும் கேக்க மாட்டாங்க சித்தி” என்றாள். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலை நாலரை மணிக்கே தெருவில் பழைய பாய், தலையணை, வெள்ளத்தில் ஊறிய மெத்தை எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். மார்கழிப் பனியில் புகை மேலே எழும்பாமல் வாசலிலேயே படுத்துக் கிடந்தது. சன்னல்களை அடைத்து ஈரத்துணி செருகியும் பயனில்லை. ஐந்தரைக்கு அவனுக்கு ஆரம்பித்துவிட்டது. மூச்சுத் திணறும்போது உடனே போடும் நீல பம்ப்பை நான்கு முறை கொடுத்தேன். பேச்சு இரண்டிரண்டு வார்த்தையாக உடைந்து வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, நெபுலைசர் வைத்த பிறகு ஒன்பது மணிக்குத்தான் முகத்தில் ரத்தம் ஓடியது.

அக்கா மகளும் அதே புகையில்தான் இருந்தாள். இருமினாள், இரண்டு முறை மருந்து இழுத்தாள், சரியாகிவிட்டது.

இரவு அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “இவன் தினமும் போடற மருந்த ஒழுங்கா போடறானா?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. தினமும் காலையிலும் இரவிலும் “பம்ப் போட்டியா” என்று கேட்கிறேன், “போட்டேம்மா” என்கிறான், வேறென்ன செய்வது? அக்கா எதுவும் சொல்லாமல் அவன் தினமும் போடும் இன்ஹேலரைத் திருப்பிக் காட்டினாள். முதுகில் சின்னக் கட்டம், இன்னும் எத்தனை அழுத்தல் மிச்சம் என்று காட்டும் கவுன்ட்டர். அதில் ஓர் எண்: 83.

அந்தக் கட்டம் இருப்பது எனக்குத் தெரியும். அதைப் படிக்கத் தோன்றியதே இல்லை.

புது இன்ஹேலரில் 120 முறைக்கு மருந்து. டிசம்பர் 25 காலையில் பிரித்தது. காலை இரண்டு, இரவு இரண்டு, இருபது நாளைக்கு 80. இன்று 40 காட்டியிருக்க வேண்டும். 37 முறைதான் அழுத்தியிருக்கிறான். பாதிகூட இல்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். வேலைகளுக்கு நடுவே அக்காவைத் துளைத்து எடுத்தேன். ஆக்லாந்திலேயே இதை ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம். ஆஸ்துமா முற்றி அவசரப் பிரிவுக்கு வந்த 220 பிள்ளைகள், ஆறிலிருந்து பதினைந்து வயது வரை. எல்லார் இன்ஹேலரிலும் கணக்குக் கருவியை மாட்டி, பாதிப் பேருக்கு மட்டும் நினைவூட்டும் ஒலியையும் சேர்த்திருக்கிறார்கள். 2015-இல் முடிவு வெளியானது. ஒலி இருந்த பிள்ளைகள் எடுக்க வேண்டிய மருந்தில் 84 சதவீதம் எடுத்தார்கள். ஒலி இல்லாதவர்கள் 30 சதவீதம்.

அந்த 30-ஐ மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அவர்களும் பெற்றவர்கள் பார்த்து வளர்க்கும் பிள்ளைகள்தானே. அவசரப் பிரிவு வரைக்கும் போய் வந்தவர்கள்தானே. அப்படியிருந்தும் அவ்வளவுதான்.

இதே போன்ற கருவியை வைத்து அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எங்கே, எப்போது இன்ஹேலர் அழுத்தினார்கள் என்று பார்த்து ஊர் வரைபடமே போட்டார்களாம். போனில் இடமும் பதிவாவதால் எந்தப் பகுதியில் மூச்சு திணறுகிறது என்று தெரிந்துவிடுகிறது. போகியன்று கடலூருக்கு அப்படி ஒரு வரைபடம் போட்டால் ஊர் முழுக்கப் புள்ளியாகத்தான் இருக்கும்.

ஜனவரி 18, சனி

புதுச்சேரி டாக்டரிடம் போனோம். கன்னியக்கோயில் தாண்டியதிலிருந்து அரியாங்குப்பம் வரை நெரிசல். மகன் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை, நான் 83-ஐச் சொல்லிவிடுவேன் என்ற பயம்.

டாக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவனிடம், “எப்படிப் போடுவ, காட்டு கண்ணா” என்றார். அழுத்தினான், பிறகு இழுத்தான். மருந்து நாக்கிலும் தொண்டையிலும்தான் பட்டது. ஸ்பேசர், அதாவது இன்ஹேலரை மாட்டி மருந்தை இழுக்கும் குழல், எங்கே என்றார். அது பரணில் இருக்கிறது, அவ்வளவு பெரிய டப்பாவை வாயில் வைக்க வெட்கமாக இருக்கிறது என்றான். ஸ்பேசர் இல்லாமல் பாதி மருந்து வீண் என்று புரிய வைத்தார். குலுக்கு, மூச்சை விடு, ஒருமுறை அழுத்து, மெதுவாக இழு, பத்து எண்ணும் வரை பிடி. அடுத்த அழுத்தலுக்கு மறுபடி முதலிலிருந்து. கடைசியில் வாய் கொப்பளி.

பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு வருஷத்தில் எத்தனை நீல பம்ப் வாங்கினீர்கள் என்றார். மருந்துக்கடையில் சீட்டுக்கூடக் கேட்பதில்லை, தீர்ந்தால் வாங்குவோம். விரல் விட்டு எண்ணினேன், ஐந்து. 200 அழுத்தல் உள்ள நீல பம்ப் வருஷத்துக்கு மூன்று தீர்ந்தாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை, பெரிதாக வர வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்றார். நீலம் சுருங்கிய குழாயை நாலைந்து மணி நேரம் விரித்துவிடும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை வற்றவைப்பது தினமும் போடும் மருந்து, அதற்கு நாளாகும். உடனே சுகம் தெரியாததால்தான் பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள்.

அத்தையின் பயத்தையும் கேட்டேன். பம்ப் பழக்கமாகிவிடும், ஸ்டீராய்டு எலும்பைத் தின்னும் என்று அவர்கள் சொல்லாத நாளில்லை. ஒரு அழுத்தலில் இருக்கும் ஸ்டீராய்டு 100 மைக்ரோகிராம். முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் விழுங்கக் கொடுக்கும் சின்ன மாத்திரை ஒன்றிலேயே 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம், அதுவும் உடம்பு முழுக்கப் பரவும். எதற்குப் பயப்பட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். வந்ததும் அத்தையிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் தூதுவளை ரசம் வைக்கப் போய்விட்டார்கள்.

ஸ்மார்ட் இன்ஹேலர் வாங்கலாமா என்றதற்கு, இவன் இன்ஹேலருக்குப் பொருந்துவது இங்கே எளிதில் கிடைக்காது, முதலில் கட்டத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள் என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

அக்கா குடும்பம் புதன்கிழமை கிளம்பியது. போனில் காலை ஏழுக்கும் இரவு எட்டுக்கும் அலாரம் வைத்தேன். கணக்கு அவன் பொறுப்பு என்று விட்டிருந்தேன். நேற்று இரவு திடீரென்று எடுத்துப் பார்த்தால் 53. 83-இலிருந்து பத்து நாளைக்கு 40 போக, 43 இருக்க வேண்டும். கத்திவிட்டேன். நெபுலைசர் வைத்ததை, ஆட்டோவுக்கு ஓடியதை, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன்.

இன்று இரவு 39. கணக்குப்படி சரியான எண். சந்தோஷப்பட்டுப் பிறகுதான் உறைத்தது: நேற்று 53, இன்று 39. ஒரே நாளில் 14.

அத்தைதான் சொன்னார்கள்: “சாயங்காலம் பாத்ரூம்ல புஸ்ஸு புஸ்ஸுனு சத்தம் கேட்டுச்சு.” காற்றில் அடித்திருக்கிறான், பத்து முறை, எண் சரியாக வரட்டும் என்று.

அவன் தூங்கிவிட்டான். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

அக்கா மகளிடம் வீடியோவில் பேசினேன். கேட்டதும் சிரித்துவிட்டாள், அவளும் செய்திருக்கிறாளாம். “ஆனா என்னுடையது நேரத்தையும் எழுதிடும் சித்தி. ஒரு நிமிஷத்துல ஆறு தடவைனு காட்டிடுச்சு.” அப்போது அம்மா என்ன செய்தாள் என்றேன். “எதுவும் சொல்லல. பக்கத்துல வந்து உக்காந்தாங்க.”

மற்றொன்றும் சொன்னாள். அவள் கருவிக்கு அழுத்தியது மட்டும்தான் தெரியும், மருந்து உள்ளே போனதா என்பது தெரியாது. இழுக்கும் மூச்சின் வேகத்தையே அளக்கும் இன்ஹேலரும் உண்டு. டிஜிஹேலர் என்று ஒன்றுக்கு அமெரிக்காவில் 2018 டிசம்பரில் அனுமதி கிடைத்தது, 2024-இல் அந்த நிறுவனமே விற்பனையை நிறுத்திவிட்டது. வந்ததும் போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. நெஞ்சுக்குள் போனதா என்பதுதானே கேள்வி.

மாலையில் மொட்டை மாடியில் மகனோடு உட்கார்ந்தேன். நான் கேட்காமலே சொன்னான். பள்ளியில் இரண்டு பேர் “பம்ப்பு, பம்ப்பு” என்று கூப்பிடுகிறார்களாம். வீட்டிலும் அதைக் கண்டாலே அந்தக் குரல் கேட்கிறதாம். மறந்த நாளில் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நான் கத்துவேன் என்று பயம். கத்தினேன்தானே.

அவனுக்கு ஒரு கதை சொன்னேன். 1950-களில் இழுப்புக்கான மருந்தைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ரப்பர் குமிழை அமுக்கித்தான் இழுப்பார்கள். அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத் தலைவரின் 13 வயது மகள், தலைமுடி ஸ்பிரே மாதிரி இதையும் டப்பாவில் அடைக்கக் கூடாதா என்று அப்பாவைக் கேட்டாள். 1956-இல் இன்ஹேலர் கடைக்கு வந்தது. “என்னை மாதிரி ஒரு சின்னப் பொண்ணு கேட்டதாலதானா?” என்று இரண்டு முறை கேட்டான்.

சமையலறை நாள்காட்டியில் தினமும் இரவு எண்ணை அவனே எழுதுவான், என்ன எண்ணாக இருந்தாலும் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நீல பம்ப்பில் எண் கட்டம் இல்லை, அதற்கு நீலப் பேனாவில் புள்ளி. (தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பார்களே, அதை நம்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.)

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

வடலூருக்குப் போனோம். ஏழு திரை விலக்கி ஜோதி பார்த்துவிட்டு வெளியே வந்தால் கூட்டத்தின் புழுதி. அவனுக்கு இருமல். என்னிடம் கேட்காமல் தோள்பையிலிருந்து ஸ்பேசரை எடுத்தான். அத்தனை பேர் நடுவில் மரத்தடியில் நின்று இரண்டு முறை இழுத்தான். பக்கத்தில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “என் பேரனுக்கும் இருக்குப்பா” என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

நாள்காட்டியைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் நீலப் புள்ளிகள் நான்கே நாட்களில். ஒன்று வடலூர். மற்ற மூன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தபோது மகன்தான் சொன்னான்: “அன்னிக்கெல்லாம் கரன்ட் போச்சும்மா.” கரன்ட் போனால் அத்தை கொசுவத்தி ஏற்றுவார்கள். இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாதது மூன்று நீலப் புள்ளியில் தெரிந்தது. வலை வாங்கிவிட்டோம்.

சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசியதும் அந்த மாதம்தான். சுவராலா, மருந்தாலா, பனி குறைந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ராத்திரி எழுந்து உட்காருவது மட்டும் நின்றிருக்கிறது.

மார்ச் 12, புதன், மாசி மகம்

அதிகாலையிலேயே தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டோம். ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்திறங்க, ஏழு மணி அலாரம் மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இரவு எட்டு மணி மருந்தை முடித்துவிட்டு நாள்காட்டி முன்னால் நின்றான். புதிதாகப் பிரித்த இன்ஹேலரில் கணக்குப்படி 88 இருக்க வேண்டும். 90 என்று எழுதினான். பக்கத்தில் சின்ன எழுத்தில், “காலைல பீச்சுக்குப் போனதுல விட்டுட்டேன்” என்றும் எழுதினான். எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அதைப் படித்தார்கள். பிறகு அவன் வாய் கொப்பளிக்க ஒரு சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள்.