வசந்த காலமும் தீ எச்சரிக்கையும்

காட்டுத்தீ அபாயத்தைக் கணிப்பதுதான் என் வேலை என்று சொன்னால், "அப்போ கோடையில்தான் உங்களுக்கு ஓய்வே இருக்காது" என்பார்கள். கோடையும் கடினம்தான். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்குவது வசந்த காலம்: பனி உருகி முடிந்து, புதுப்புல் இன்னும் தலைகாட்டாத அந்தச் சில வாரங்கள்.

அப்போது தரையை மூடிக் கிடப்பது போன வருடத்துப் புல்லும் சருகும். செத்த புல்லுக்கு வேர் வழியாகத் தண்ணீர் வராது. காற்றில் இருக்கும் ஈரத்தைத்தான் வாங்கும். காற்று வறண்டால் திருப்பிக் கொடுத்துவிடும். 6 மில்லிமீட்டரைவிட மெல்லியவற்றை எங்கள் துறையில் 'ஒரு மணி நேர எரிபொருள்' என்போம். சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப மாற அவற்றுக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் போதும். பருத்த அடிமரத்துக்கு 1000 மணி நேரக் கணக்கு.

அதனால்தான் "நேற்றுதானே மழை பெய்தது, இன்றைக்கு எதற்கு எச்சரிக்கை?" என்று கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விழுந்து கிடக்கும் கட்டையைத் தொட்டால் அவர்கள் சொல்வது சரி, ஈரமாகத்தான் இருக்கும். அப்புறம் பக்கத்தில் நிற்கும் புல் தாளை மடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடியும். தீ முதலில் பிடிப்பது அதில்தான்.

காலையில் 8 டிகிரி குளிர், ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு) 70 சதவீதம். யாருக்கும் பயம் வராது. காற்றில் உள்ள நீராவி அப்படியே இருக்க, பிற்பகலில் 28 டிகிரிக்கு ஏறினால் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்கு வந்துவிடும். இலை விடாத மரங்களின் ஊடே வெயில் நேராகச் சருகில் விழும். தரை சூடேறி அங்குள்ள காற்று மேலெழும்ப, மேலே வேகமாக ஓடும் வறண்ட காற்று கீழே இறங்கும். வறட்சியும் வேகமும் சேர்ந்தே வருவது இப்படித்தான். அந்தக் காற்று தீநாக்கை முன்னால் சாய்த்து, இன்னும் எரியாத புல்லைச் சூடேற்றும். கங்குகளைத் தூக்கித் தூரத்தில் போடும்.

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸின் வடமுனைப் புல்வெளிகளில் தொடங்கிய ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீயைப் பற்றி எங்கள் துறையில் இன்றும் பேசுகிறோம். காய்ந்த புல், மேற்கிலிருந்து பலத்த காற்று. தீ கிழக்கே நீண்டுகொண்டே போனது. மறுநாள் குளிர்முகப்பு ஒன்று, அதாவது நகர்ந்து வரும் குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்தபோது காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியது. அதுவரை பக்கவாட்டாக இருந்த நீண்ட தெற்கு ஓரம் முழுவதும் தீயின் முகமாக, அதாவது காற்றோடு முன்னேறும் பகுதியாக, மாறிவிட்டது. கடைசியில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 29ஆம் தேதி அந்தப் பகுதியில் பனியும் பெய்தது. குளிர் வரப்போகிறது என்ற செய்தி வழக்கமாக ஆறுதலாக இருக்கும். அந்தக் குளிரைக் கொண்டு வரும் முகப்புதான் தீயணைப்பவர்களுக்கு மிக ஆபத்தான நேரம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆகவே களத்துக்குப் போகும் குழுவினருக்கு வானிலை சொல்லும்போது வெப்பநிலையைக் கடைசியில் வைக்கிறேன். காற்று எத்தனை மணிக்குத் திரும்பும், எந்தத் திசைக்குத் திரும்பும் என்பது முதலில். கணிப்பு ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுவேன். தீயின் ஓரத்தில் நின்று வேலை செய்பவர்கள் எப்போது விலகுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.