மத்தியானத்தில் இறுகும் லாச்சி: மின்சாரக் கெப்பின் பின்தட்டு வேலை, மூன்றாம் கட்டம்

காலை ஆறு மணிக்கு ஒரு விரலால் இழுத்தால் வருகிறது. பகல் ஒரு மணிக்கு இரண்டு கையாலும் இழுத்தாலும் அசையாது. பின்னேரம் வெயில் சாய்ந்ததும் தானாக இளகிவிடும். பின்தட்டில் லாச்சி இரண்டும் பூட்டி மூன்று வாரமாக இதே கூத்து. இப்போதுதான் காரணம் பிடிபட்டது. வலப்பக்க லாச்சி திருந்திவிட்டது. இடப்பக்கத்தது இன்னும் மத்தியான வேலைநிறுத்தத்தில் இருக்கிறது.

முன்கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வண்டி முழு மின்சார டபுள் கெப். சில்லு மேடுகளுக்கு நடுவே 1120 மில்லிமீட்டர் அகலம். சட்டகம் 1400 நீளம், 1080 அகலம், 280 உயரம், எல்லாம் 40க்கு 40 அலுமினியச் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் தடிப்பு. குழாய் மொத்தம் 16 மீட்டர், 13 கிலோ. இதையே இரும்பில் செய்தால் 38 கிலோ போகும். அதோடு ஒரு மாரி முடிய கறள் சுரண்டும் வேலையும் சேரும். மேல்தட்டும் லாச்சி அடியும் 12 மில்லிமீட்டர் பிளைவூட், பக்கங்கள் 9 மில்லிமீட்டர். எல்லாம் சேர்த்து 48 கிலோ.

பிளைவூட்டுக்குப் பெயின்ற் அடிப்பது வீண். பைபர் படகு செய்கிறவர்கள் பாவிக்கிற அதே ரெசினும் 300 கிராம் கண்ணாடி நார்ப் பாயும்தான் சரி. முதல் பூச்சை ஸ்டைரீன் விட்டு இளக்கி, மரம் குடிக்க விட வேண்டும். நேரே தடிப்பாக அடித்தால் ஆறு மாதத்தில் தோலாக உரியும். ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் ஒரு கிலோவுக்கு 10 கிராம் போதும். நம்ம ஊர் வெயிலில் 20 கிராம் போட்டால் பிரஷை நனைக்க முதல் கோப்பையிலேயே கட்டியாகிவிடும். பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு மூன்று தடவை. தண்ணீர் உள்ளே போகிற வாசல் அதுதான்.

இனி விசயத்துக்கு.

லாச்சி ஓட்டத்துக்குக் குண்டு பெயரிங் உள்ள நீள ஸ்லைட்தான் எல்லோரும் சொல்வது. 227 கிலோ தாங்கும், முழு நீளத்துக்கும் வெளியே வரும், இழுத்த இடத்தில் பூட்டியும் நிற்கும். அலுமாரிக்குள் என்றால் குறை சொல்ல முடியாது. கடற்கரை ஊரில், திறந்த பின்தட்டில் கதை வேறு. வழக்கமாகக் கிடைப்பது துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்பு. குண்டு உருள உருள அந்தப் பூச்சு தடத்திலேயே தேய்ந்துவிடும், பிறகு உப்புக் காற்றுக்கு வெறும் இரும்பு. கிறீஸ் பூசினால் மணலைப் பிடித்து வைத்திருக்கும், பூசாவிட்டால் கறள். புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணல் என்றால் இன்னும் மோசம். அதில் இருக்கிற சிர்க்கோன் வெள்ளை மணலின் குவார்ட்சை விடக் கடினம். குண்டுத் தடத்தில் அது அரம் போல வேலை செய்யும்.

ஆகவே ஸ்லைட்டை விட்டுவிட்டு எச்டிபிஈ பட்டி. மீன் வெட்டுகிற வெள்ளைப் பலகை இருக்கிறதே, அதே பிளாஸ்டிக். தண்ணீர் குடிக்காது, உப்பு அண்டாது, கிறீஸ் கேட்காது, மணல் விழுந்தால் தும்புத்தடியால் தட்டிவிட்டால் போய்விடும். முழு நீளம் வெளியே வராது, முக்கால்வாசி வரும், அது போதும். கடைசி 300 மில்லிமீட்டரில் அடிக்கடி தேவைப்படாத ஜக், கயிறு இவற்றைப் போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது கறுப்பாகப் பார்த்து வாங்குங்கள். கறுப்பில் இருக்கிற கரி புற ஊதா வெயிலைத் தாங்கும். வெள்ளை நாளடைவில் மாப்பிடித்து நொறுங்கும்.

ஒவ்வொரு லாச்சிக்கும் அடியில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஆக நான்கு பட்டிகள். நீளம் 1200, தடிப்பு 6. தூண்களுக்கு நடுவே 480 மில்லிமீட்டர். பக்கப் பட்டிகள் 12ஐ எடுத்துவிட 468. லாச்சி அகலம் 464. பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி. முதல் தடவை ஒவ்வொரு பட்டிக்கும் ஐந்து திருகாணி, தலை அமிழ்கிற கூம்பு வகை, நல்லா இறுக்கி. பிழை முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

எச்டிபிஈ ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும், ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் 0.023தான். தறப்பாள் மூடிய பின்தட்டுக்குள் காலையில் 26 பாகை, கச்சான் வீசுகிற நாளின் ஒரு மணிக்குப் பட்டியின் மேல் 62 பாகை. 36 பாகை வித்தியாசம். 1200 நீளப் பட்டி, தன்னைத் தாங்குகிற அலுமினியத்தை விட ஐந்தரை மில்லிமீட்டர் கூடுதலாக நீளப் பார்க்கிறது. ஐந்து திருகாணியும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தால் அந்த நீளம் எங்கே போகும்? இரண்டு திருகாணிக்கு நடுவே வயிறு தள்ளும். அடிப்பட்டியை லாச்சியின் பாரம் அமத்திப் பிடிக்கும். பக்கப் பட்டியை அமத்த ஆளில்லை. அளந்தபோது நடுவில் 4 மில்லிமீட்டர் புடைப்பு. கணக்குப்படி இன்னும் கூட வரவேண்டும், திருகாணியைச் சுற்றிய பிளாஸ்டிக் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால் நாலோடு நின்றது. இடைவெளியோ 2. இரண்டு பக்கமும் சேர்ந்து லாச்சியைக் குறடு மாதிரி பிடித்துக்கொள்கிறது.

இதில் ஏமாற்றுகிற விசயம், சரிபார்க்க நினைத்து லாச்சியைக் கழற்றுவது எப்போதும் காலையிலோ இரவிலோதான். அப்போது பட்டி நேராக இருக்கும். லாச்சியின் மூலைமட்டம் பிழையோ, பிளைவூட் ஊதிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, லாச்சிப் பக்கத்தைச் சீவத் தொடங்குவீர்கள். சீவ வேண்டாம். பகல் ஒரு மணிக்கு, ஒரு நேர்ச்சட்டத்தைப் பட்டியின் மேல் வைத்துப் பாருங்கள்.

திருத்தம் சொல்லச் சுகம். நடுத் திருகாணிக்கு மட்டும் வட்டத் துவாரம், மற்றவைக்கு நீள் துவாரம். பட்டி நடுவில் நங்கூரம் போட்டு இரண்டு பக்கமும் நீண்டு சுருங்கட்டும். செய்யப் போனால் இரண்டு இடத்தில் வழுக்கும்.

ஒன்று, கூம்புத் தலைத் திருகாணி. நீள் துவாரம் போட்டும் அதே திருகாணியைப் பாவித்தால் பிரயோசனம் இல்லை. கூம்பு ஆப்பு மாதிரி இறங்கிப் பிடித்துக்கொள்ளும், பட்டி நகராது. முதல் திருத்தம் சரிவராமல் போனது இதனால்தான். தலையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். எம்4, அதாவது 4 மில்லிமீட்டர் மரை, உருண்டைத் தலைத் திருகாணி, தலை அகலம் 7.6, உயரம் 2.2. அது அமிழ 8 மில்லிமீட்டர் அகலத்தில், 3.4 ஆழத்தில், அடி தட்டையான ஒரு தொட்டி. தொட்டியின் அடியில் 4.5 அகல நீள் துவாரம், மொத்த நீளம் 10.5. அப்போது தலை பட்டியின் மேல்மட்டத்துக்குக் கீழே 1.2 மில்லிமீட்டர் நிற்கும், லாச்சியில் உரசாது. கீழே 2.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மிச்சம். அதற்கு மேல் ஆழம் போனால் தலையே பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

தொட்டியின் நீளத்தை மறந்துவிடாதீர்கள். துவாரம் 10.5 என்றால் திருகாணி அதற்குள் 6 மில்லிமீட்டர் ஓடும், தலையும் அவ்வளவு தூரம் ஓட வேண்டும், ஆகவே தொட்டி 14 மில்லிமீட்டர். கடைசித் திருகாணி நடுவிலிருந்து 570 தள்ளி இருக்கிறது. அங்கே நகர்வு 2.6. துவாரத்தில் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் விளையாட்டு. நடுவை அண்டிய துவாரங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டுவது புத்தி, இல்லாவிட்டால் பட்டியை மாற்றிப் பூட்டும்போது தலைசுற்றும்.

இரண்டு, வெட்டுவது. ட்ரில்லால் தட்டை அடி வராது. வாள் போட்டால் விளிம்பு உருகி மயிர்விடும். தொட்டி தோண்ட றூட்டர் மெசின்தான். ஆனால் மரத்துக்குப் பாவிக்கிற வேகத்தில் ஓடவிட்டால் எச்டிபிஈ வெட்டுப்படாது, உருகும். சூயிங்கம் மாதிரி பிட்டைச் சுற்றிக்கொள்ளும். வேகத்தை அடிமட்டத்துக்கு, 10,000 சுற்றுப் பக்கத்துக்கு இறக்கி, கையை வேகமாக நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் உருகல்தான். ஒற்றை வெட்டு வாய் உள்ள, சுருளை மேலே தள்ளுகிற 8 மில்லிமீட்டர் பிட் நல்லது. சுருள் நீளமாகச் சுத்தமாக வந்தால் வேகம் சரி, தூளாகவோ களியாகவோ வந்தால் பிழை. ஆழத்தை இரண்டு தடவையில் எடுக்கவும். வழிகாட்டிக்கு ஒரு பிளைவூட் துண்டில் சன்னல் வெட்டி, பட்டியின் மேல் குறடு போட்டு இறுக்கி, அதற்குள் றூட்டரை ஓட்டலாம். ஒன்பது துவாரம் வெட்ட ஒரு பட்டிக்கு முக்கால் மணித்தியாலம். கீழ்த் துவாரத்துக்கு 4.5 பிட்டால் இரண்டு துளை போட்டு நடுச் சதையை அரத்தால் எடுத்தால் போதும், அங்கே அழகு தேவையில்லை.

ஐந்து ஒன்பதானது சும்மா இல்லை. நீள் துவாரத்தில் பட்டி தளர்வாக இருப்பதால், திருகாணிகளுக்கு நடுவே 285 விட்டால் லாச்சி உரசும்போது அலையும், 142க்கு வந்ததும் அடங்கிவிடும்.

இறுக்கத்தையும் சொல்ல வேண்டும். தலை தொட்டியின் அடியைத் தொட்டதும் நிறுத்தி, கால் சுற்றுத் திருப்பி விடுங்கள். பட்டியைக் கையால் தள்ளினால் அசைய வேண்டும். அப்படி விட்ட திருகாணி ரோட்டு அதிர்வில் கழன்று விழும் என்பதால், மரையில் நடுத்தரப் பலமுள்ள நீல மரைப்பசை ஒரு துளி. குழாய்க்குள் எம்4 ரிவெட் நட், அதாவது குழாய்ச் சுவரில் ரிவெட் போல நசித்துப் பூட்டுகிற நட். நகரத்தில் எம்6, எம்8 தாராளம், எம்4 கேட்டால் முழிக்கிறார்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. நூறாக எடுத்தால்தான் தபால் செலவு கட்டும். இரண்டு லாச்சிக்கும் 72 வேண்டும், மிச்சத்தை ரிவெட் துப்பாக்கி பழகக் கெடுத்துக்கொள்ளலாம்.

பட்டியின் இரண்டு நுனியிலும் 4 மில்லிமீட்டர் காலி விடுங்கள். பின்னால் சட்டகத்தோடு முட்டிக்கொண்டிருந்தால் அத்தனை தொட்டி வெட்டியதும் வீண்.

திருகாணியைத் துருவேறா உருக்கு 304இல் வாங்கினால் கடற்கரையில் தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பு படரும், பலத்துக்குப் பழுதில்லை. 316 என்றால் அதுவும் குறைவு. எதுவானாலும் அலுமினியத்தோடு நேரே தொட விடாதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் பற்றரி மாதிரி வேலை செய்து, அலுமினியம் வெள்ளை மாவாகக் கரையும். பெரிய போல்ட்டுகளுக்கு நைலோன் வொசர், மரைக்கு லனோலின் கிறீஸ்.

பின்தட்டில் துளை போடலாமா என்றால், மின்சார வண்டியில் கூடவே கூடாது. அடியில் பற்றரிப் பெட்டி, செம்மஞ்சள் உறை போட்ட உயர் அழுத்த வயர், குளிர்விக்கும் குழாய் எது எங்கே ஓடுகிறது என்று மேலிருந்து தெரியாது. டீசல் கெப்புக்குச் செய்து வருகிற ஆயத்த லாச்சிகளில் தரையைத் துளைக்கச் சொல்பவை உண்டு. விலையையும் தீர்வையையும் பார்க்க முதல், பூட்டும் படத்தைப் பாருங்கள். இங்கே நாலு மூலையில் கம்பனி கொடுத்த கயிறு கட்டும் வளையங்களில், இருபுறமும் மரை உள்ள முறுக்கு இறுக்கி நாலு. அடியில் றப்பர் பாய், அது இல்லாமல் அலுமினியம் வழுக்கும். பாரம் கட்டுகிற கணக்கு, முன்பக்கம் மொத்த எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டிலும் பின்னுக்கும் 0.5 பங்கு தாங்க வேண்டும் என்பது. சட்டகம் 48, சாமான் 100 என்று வைத்தால் முன்னுக்குத் தள்ளுகிற விசை 118 கிலோ எடைக்குச் சமம். ஆகவே வளையங்களில் மெலிந்த கொக்கி வேண்டாம்.

லாச்சிக்குள் வெளிச்சத்துக்கு 12 வோல்ட் வயர் இழுக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். 5 வாட் எல்இடி பட்டி ஒன்று அணைக்க மறந்து எரிந்தால் ஒரு நாளைக்கு 10 அம்பியர்-அவர். 45 அம்பியர்-அவர் உள்ள சின்ன 12 வோல்ட் பற்றரி நாலு நாளில் காலி. சில வண்டிகள் வண்டியை ஓட்டுகிற பெரிய பற்றரியிலிருந்து அவ்வப்போது நிரப்பிக்கொள்ளும், எல்லாம் அப்படியில்லை. சின்னப் பற்றரி செத்தால் பெரிய பற்றரி நிறைய மின்சாரம் இருந்தும் வண்டி எழும்பாது. காந்தம் உள்ள, சார்ஜ் பண்ணுகிற சின்ன லைட் ஒன்று போதும்.

சார்ஜ் கேபிளை லாச்சிக்குள் வைக்காதீர்கள். காரணத்தை மேலே வாசித்தீர்கள், பகல் ஒரு மணிக்குத் திறக்காது. அது பொனட்டுக்குக் கீழே இருக்கிற முன்பெட்டிக்குரிய சாமான். ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் மின்சாரக் கெப் வைத்திருக்கிறவர்களுக்கு 400 லீட்டர் முன்பெட்டி, 181 கிலோ போடலாம், கழுவிவிட அடியில் வடிகாலும் உண்டு. அவர்கள் பின்தட்டைப் பற்றி இவ்வளவு மண்டையை உடைக்கத் தேவையில்லை. நமக்குக் கேபிளும், வண்டியிலிருந்து 230 வோல்ட் எடுக்கிற அடப்டரும் வைக்க இடம் இருந்தால் சரி.

அடுத்தது தூசி. பின்கதவின் கீழ் இடைவெளியால்தான் அவ்வளவும் வருகிறது. வண்டி ஓடும்போது மூடிய பின்தட்டுக்குள் அழுத்தம் வெளியை விடக் குறைவதால் தூசியை உள்ளே உறிஞ்சும். 'D' வடிவ ஈபிடிஎம், அதாவது வெயில் மழை தாங்குகிற றப்பர், ஆறு மீட்டர் வாங்கி வைத்தாயிற்று. பஞ்சு றப்பர் வேண்டாம், உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டே இருக்கும். றப்பர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நசிகிற அளவுக்குப் பூட்டு இழுக்க வேண்டும், இப்போதைய பூட்டு அவ்வளவு இழுக்காது. பூட்டின் கொக்கியை 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளலாமா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முதல் இடப்பக்க லாச்சி. நாலு பட்டி, 36 துவாரம், மூன்று மணித்தியால றூட்டர் வேலை. வாடைக் காற்றோடு மழை வருவதற்குள் முடிய வேண்டும். வலப்பக்கம் நேற்று ஒரு மணிக்கு, 61 பாகையில், ஒரு கையால் வந்தது. ஒரு விரலால் இல்லை.