ஆபரேஷனுக்கு முந்தின இரவில் கண்ணுக்குத் தெரியாத கர்த்தரைப் பற்றிக்கொள்ள

சேலத்து ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களோடு உட்கார்ந்து ஜெபிக்கிறவர்கள் நாங்கள். பயம் எப்போது வரும் என்பது எங்களுக்குப் பழக்கம். அட்மிஷன் பரபரப்பில் வராது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதும் வராது. துணைக்கு வந்தவர் பாயில் அசந்த பிறகு, இரவு இரண்டு மணிக்கு மேல் வரும். ஆயத்தத்தைப் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

ஒரே ஒரு வசனம் போதும். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (பைபிளில் சங்கீதம் 56:3). மூச்சை இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும், படபடப்பு மெல்ல அடங்கும். மனப்பாடமாகத் தெரிய வேண்டும். மூக்குக்கண்ணாடி, செல்போன், கழுத்துச் சிலுவை எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிடுவார்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷன் என்றால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், காது மட்டும் நன்றாகக் கேட்கும். தட்டில் கத்தரி விழும் சத்தம்கூடக் கேட்கும். அந்த நேரத்துக்குத்தான் இந்த வசனம்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களை முந்தின நாளே இறங்கிவிடச் சொல்வோம். 20 கொண்டை ஊசி வளைவுகளை வெறும் வயிற்றோடு விடியற்காலையில் கடந்து வருவது யாருக்கும் ஆகாது. அவர்களுக்கு 121ஆம் சங்கீதம், மொத்தமே எட்டு வசனம். பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கும் பாட்டு, மலைக்காரர்கள் மனதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். மயக்க மருந்துக்கு அஞ்சுகிறவர்கள் 4ஆம் வசனத்தைப் பிடித்துக்கொள்ளலாம்: நம்மைக் காக்கிறவர் உறங்குவதில்லை.

காரியம் கெடுவது பெரும்பாலும் பார்க்க வருகிறவர்களால். "விசுவாசம் இருந்தால் கத்தி எதற்கு?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் நோயாளி பிரஷர் மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிடுவார். காலையில் பிரஷர் ஏறிக் கிடக்கும், ஆபரேஷன் தள்ளிப்போகும். அப்போஸ்தலன் பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர்தான் (கொலோசெயர் 4:14) என்று நோயாளிக்கு எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு நாள் உபவாசம் இருக்கும் சுகர்காரர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம், சுகர் இறங்கி மயங்கிவிடலாம். உபவாசத்தை வீட்டார் எடுக்கட்டும். நோயாளி டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து மட்டும் பட்டினி கிடந்தால் போதும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அது. காலையில் எந்த மாத்திரை, எது வேண்டாம் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பயப்படுவதே அவிசுவாசம் என்று குமைகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு நெஞ்சு வலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கர்த்தரைக் கண்டவர்போல் உறுதியாயிருந்தார் என்று எபிரெயர் 11:27 சொல்லும் அதே மோசே பயந்ததையும் வேதம் மறைக்கவில்லை (யாத்திராகமம் 2:14). சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே ஒரே வார்த்தைகளை மூன்று தரம் சொல்லி ஜெபித்தார். புதுப்புது ஜெபம் தேடி அலைய வேண்டியதில்லை. சமாதானமே வரவில்லை என்றால் அதையே அவரிடம் சொல்லலாம். 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே நிற்கிறது, ஆனாலும் கர்த்தரைப் பார்த்துத்தான் பேசுகிறது.

வெளியே காத்திருக்கும் வீட்டாருக்கு ஒன்று. எல்லோரும் சேர்ந்து கண்மூடி உட்கார்ந்துவிடாதீர்கள். ரத்தம், மருந்து, கையெழுத்து என்று எதற்காவது நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருவர் கதவுப் பக்கமே நிற்கட்டும்.