மாருதி 800 கிளட்ச்: ஒரு ஆயில் சீலுக்காக இரண்டு தடவை இறங்கிய கியர்பாக்ஸ்

புது கிளட்ச் செட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் கியரில் வண்டியை நகர்த்தும்போது திரும்பவும் உதறல். கியர்பாக்ஸை மறுபடி இறக்கிப் பார்த்தால் புது கிளட்ச் பிளேட்டின் என்ஜின் பக்கம் முழுக்க ஆயில். கிராங்க் ஷாஃப்ட்டின் (என்ஜினின் சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், கசிந்திருக்கிறது. "லேசாத்தான் சார் ஈரம், தாங்கும்" என்று முதல் தடவை ஒர்க்‌ஷாப்பில் சொன்னதைக் கேட்டு விட்டதன் பலன்: பிளேட் வீண், லேபர் டபுள்.

கிளட்ச் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். பெடலை விரலால் அமுக்கினால் சுமார் 2 செ.மீ. இலவசமாக இறங்க வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த இலவச இறக்கம் (ஃப்ரீ பிளே) குறையும், அதிகமாகாது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கேபிள் நட்டை இன்னும் இறுக்கிவிடுவார்கள். பிளே சுத்தமாக இல்லாமல் போனால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்) எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கும். செட்டிங் சரியாக இருந்தும் மேட்டில் டாப் கியரில் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால்தான் பிளேட் முடிந்தது. இந்த வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லை, காதுதான் மீட்டர். பெடலை மிதித்தால் வரும் இரைச்சல் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்றுவிடும் இரைச்சல் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங். அதற்குக் கிளட்ச் செட்டை மாற்றிப் பயனில்லை.

கடைக்குப் போகும்போது பழைய பிளேட்டைக் கையில் எடுத்துப் போங்கள். "மாருதி 800" என்று மட்டும் சொன்னால் போதாது: நாலு கியரா அஞ்சு கியரா, எந்த வருஷம் என்று சொல்ல வேண்டும். விட்டத்தை ஒட்டிவைத்துப் பாருங்கள், நடுவில் உள்ள பற்களை எண்ணுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, புது பிளேட்டைக் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் சொருகி வழுக்கிப் பார்ப்பது. நான் எண்ணாமல் வாங்கி வந்து, அரை நாள் கடைக்குத் திரும்ப அலைந்தேன்.

இறக்குவது தெரிந்த வேலைதான்: பேட்டரி நெகட்டிவ், ஸ்டார்ட்டர், கேபிள்கள், கியர் ராடு, சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட். ஷாஃப்ட்டை இழுக்கும் முன் கியர் ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தரையில்தான் கொட்டும். மவுண்ட்டை (என்ஜினையும் கியர்பாக்ஸையும் வண்டியோடு பிடித்திருக்கும் தாங்கி) கழற்றும் முன் என்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கி கொடுங்கள்.

கியர்பாக்ஸ் வெளியே வந்ததும் அவசரப்படாமல் பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு) அடிப்பகுதியை விரலால் வழித்துப் பாருங்கள். காய்ந்த கரும்பொடி வந்தால் நல்லது, அது பிளேட் தேய்ந்த தூசி. மை மாதிரி ஒட்டினால் எங்கோ ஆயில் வருகிறது. மோந்து பாருங்கள். கந்தக வாடை கெட்டியாக அடித்தால் கியர் ஆயில், அப்படியானால் கசிவது கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட் சொருகும் தண்டு) சீல். அந்த வாடை இல்லாமல் கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில், கிராங்க் சீல். ஆனால் எந்த வாடை வந்தாலும், வராவிட்டாலும், இரண்டு சீலையும் டிரைவ் ஷாஃப்ட் சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடுவதுதான் என் கட்சி. லேபரோடு ஒப்பிட்டால் சீல் விலை ஒன்றுமே இல்லை.

கிராங்க் சீலை மாற்ற ஃப்ளைவீலைக் (கிராங்கின் முனையில் இருக்கும் கனமான சக்கரம்) கழற்ற வேண்டும். ஷாஃப்ட்டில் பழைய சீல் உரசிய இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் புது சீலை அதே ஆழத்தில் அடிக்காதீர்கள், சீலின் உதடு (ஷாஃப்ட்டில் உரசும் ஓரம்) வேறு இடத்தில் படும்படி ஒரு மில்லிமீட்டர் முன்பின் வையுங்கள். உதட்டில் ஆயில் தடவாமல் உலர்வாகப் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே கிழியலாம். ஃப்ளைவீலில் நீலத் திட்டு, வரி இருந்தால் லேத்தில் மிகக் கொஞ்சமாக ஃபேசிங் (முகத்தைச் சீவிச் சமன் செய்வது). விரிசல் இருந்தால் லேத் வேண்டாம், மாற்றுங்கள்.

பழைய பிளேட் இன்னும் ஓடுமா என்றால், ரிவெட் தலைக்கு மேல் லைனிங் (பிளேட்டில் உரசித் தேயும் பகுதி) 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். எவ்வளவு இருந்தாலும் ஆயில் குடித்த பிளேட் வேண்டாம். பெட்ரோலில் கழுவினாலும் சூடேறியதும் உள்ளிருந்து கசியும்.

மாட்டும்போது பிளேட்டின் ஸ்பிரிங் துருத்திய பக்கம் பிரஷர் பிளேட்டைப் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் மூடி) பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கிளட்ச் விடாது, கியர் விழாது, திரும்ப இறக்க வேண்டியதுதான். பிளேட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மெண்ட் டூல் போட்டு, போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஷாஃப்ட் பற்களில் கிரீஸ் பூசினோமா இல்லையா என்று தெரியாத அளவு போதும். அதிகமானால் சுழன்று பிளேட்டில்தான் தெறிக்கும். கியர்பாக்ஸ் கடைசி ஒரு சென்டிமீட்டர் உட்காரவில்லை என்றால் போல்ட் போட்டு இழுக்காதீர்கள். பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம், இழுத்தால் பெல் ஹவுசிங்கின் காது உடையும். பாக்ஸின் பாரத்தை ஷாஃப்ட்டில் தொங்கவிட்டாலும் பிளேட் வளையும்.

கியர் ஆயில் ஜிஎல்-4 தரம், நிரப்பும் ஓட்டையில் வழியும் மட்டம் வரை. கேபிளின் பெடல் முனையில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அப்போதே மாற்றுங்கள். 500 கி.மீ. ஓடியதும் ஃப்ரீ பிளேயை ஒரு தடவை பாருங்கள். இரண்டாவது தடவை எனக்குப் பாதி திருகு தளர்த்த வேண்டியிருந்தது. பெல் ஹவுசிங் அடி இதுவரை காய்ந்தே இருக்கிறது.